மரத்துக்கும் ஓய்வு உண்டு

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்று வகுப்பில் பிள்ளைகளுக்குப் பழமொழி சொல்லிக் கொடுப்பவள் நான். அதே பழமொழியைச் சொல்லிச் சொல்லியே என் சொந்தத் தம்பியைச் சோர்ந்து விழவைத்தேன் என்றால் நம்புவீர்களா? நடந்தது அதுதான்.

என் தம்பி திருமணப் படம் எடுப்பவன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பட்டணத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுபிடியாக இருந்து தொழில் கற்று, பிறகு சொந்தமாகக் காமிரா வாங்கியவன். கணக்கு வழக்கு அவனுக்கு ஒத்துவராது. ஆகவே முன்பதிவுப் புத்தகம் என் பொறுப்பு. யார் வீட்டுத் திருமணம், எந்தத் தேதி, முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கும்.

இந்தத் தொழிலுக்கு மழைக்காலமும் உண்டு, வறட்சியும் உண்டு. மார்கழியில் நம்மவர் வீடுகளில் திருமணம் இராது. தை பிறந்தால் கொட்டும். ஆடியில் ஓய்ந்து, ஆவணியில் மறுபடி பிடிக்கும். புரட்டாசியில் மீண்டும் வெறுமை. ஆண்டு முழுவதும் சாப்பிடுவதற்குச் சில மாதங்களில் சம்பாதித்தாக வேண்டும். அதனால் கேட்டவர்களுக்கெல்லாம் 'சரி' என்றே எழுதி வைத்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தை முதல் மாசி நடு வரை ஆறே வாரங்களில் 14 திருமணங்கள். போதாததற்கு, தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுத்த இரண்டு குடும்பங்களுக்கும் ஒப்புக்கொண்டேன். "முடியுமா அக்கா?" என்று கேட்டான். "வரும்போதே பிடித்துக்கொள், தம்பி. ஆடியில் தூங்கலாம்" என்றேன்.

ஒரு திருமணம் என்றால் ஒரு நாள் வேலை என்று நாம் நினைக்கிறோம். முதல் நாள் இரவு நலங்கு. மறுநாள் விடியுமுன் பெண் வீட்டில் அலங்காரம். அப்புறம் கோயில், முகூர்த்தம், பந்தி. மாலையில் மண்டபத்தில் விருந்து. இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பிக் கணினிமுன் உட்கார்ந்தால், இரண்டாயிரம் படங்களைப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்குள் வாட்ஸ்அப்பில், "படம் எப்போது வரும்?" என்று கேட்டுச் செய்தி வந்திருக்கும்.

நான்காவது வாரத்தில் ஆள் மாறிவிட்டான். வீட்டு வாசலுக்கு வந்தும் இறங்காமல் வேனிலேயே உட்கார்ந்திருப்பான். சோறு இறங்காது. ஒருநாள், "எல்லாக் கல்யாணமும் ஒன்னுதான் அக்கா, மூஞ்சிதான் வேற வேற" என்றான். வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். வேடிக்கை அல்ல என்று பின்னால்தான் விளங்கியது.

அந்த மாதக் கடைசியில் ஒரு விருந்து. விளக்கைப் பிடித்துக்கொள்ள நானும் போயிருந்தேன். மணமேடைக்குக் கீழே மணப்பெண்ணின் பாட்டி மெல்ல நடந்து வந்து, "தம்பி, பேத்தியோட என்னை ஒரு படம் எடுப்பா" என்றார். இவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அப்புறம் பாட்டி, எத்தனை பேர் வரிசையில நிக்கிறாங்க பாருங்க" என்றான். வழக்கமாக வயதானவர்களை முதலில் உட்காரவைத்துப் படம் எடுப்பவன் அவன். பாட்டி தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். வரிசை குறைந்தபோது, அசதியாக இருக்கிறது என்று அவரை வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தார்கள்.

சித்திரையில் அந்த வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. பாட்டி தவறிவிட்டார். "பேத்தி பக்கத்தில பாட்டி நிக்கிற படம் இருக்குமே, அண்ணே? மாலை போட வேணும்" என்று கேட்டார்கள். நம் வீடுகளில் பெரியவர்களுக்கென்று தனியாகப் படம் எடுத்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? கல்யாணப் படத்திலிருந்து எடுப்பதுதானே வழக்கம்?

அன்றிரவு முழுவதும் தேடினான். ஒன்றே ஒன்று கிடைத்தது. தூண் ஓரத்தில், பாதி முகம் மறைந்து, யாரையோ பார்த்துக்கொண்டிருந்தார் பாட்டி. அதையே வெட்டிப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தான். காசு வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து காமிராவை அலமாரியில் வைத்துப் பூட்டியவன், பத்து நாள் அதைத் தொடவில்லை. "எனக்கு இந்தத் தொழில் வேணாம் அக்கா" என்றான்.

எங்கள் அம்மா இருபத்தெட்டு ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். அவர்தான் வாய் திறந்தார்.

"ஒரு மரத்தை இன்னிக்கு வெட்டினா நாளைக்கு விட்டுடுவோம்டா. தினம் வெட்டினா, முதல்ல பால் கூட வர்ற மாதிரிதான் இருக்கும். அப்புறம் பட்டை காஞ்சு போயிடும். மரம் பச்சையா நிக்கும். ஆனா மங்குல ஒரு சொட்டு விழாது."

சற்று நேரம் கழித்து, "மரத்துக்கு அந்த ஓய்வு இருந்துச்சு. எங்களுக்கு இல்ல. நாங்க மறுநாள் வேற நிரைக்குப் போகணும். என் முழங்காலைப் பாரு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. புத்தகத்தில் 'சரி, சரி' என்று எழுதியது என் கை அல்லவா?

பிறகு இதைப்பற்றித் தேடிப் படித்தேன். உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் இந்த வேலைச்சோர்வுக்கு விளக்கம் தந்திருக்கிறது. அது நோய் அல்ல. வேலையிடத்து நெருக்கடி தணியாமல் நீள்வதால் வருவது. அடையாளங்கள் மூன்று: உடலும் மனமும் வற்றிப்போதல், வேலைமேல் வெறுப்போ ஏளனமோ வருதல், செய்யும் வேலையின் திறம் குறைதல். 'மூஞ்சிதான் வேற வேற' என்றது இரண்டாவது. பாட்டியின் படம் மூன்றாவது.

சம்பளத்துக்கு வேலை செய்கிறவருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரத்துக்குமேல் சாதாரண வேலைநேரம் இல்லை. சொந்தத் தொழில் செய்கிறவனுக்கோ அந்த ஓய்வைத் தானேதான் கொடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே புதிய புத்தகம் போட்டோம். முதலில் ஓய்வு நாள்களைச் சிவப்பு மையில் குறித்தோம், மிஞ்சியதில்தான் திருமணங்கள். தொடர்ந்து இரண்டு நாள் வேலை என்றால் மூன்றாம் நாள் காமிராவைத் தொடக்கூடாது. ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கு ஒப்புக்கொள்வதில்லை.

வேலை முடிந்த இரவில் படங்களை இரண்டு இடங்களில் பதிந்து வைத்துவிட்டுத் தூங்க வேண்டும், பிரித்தெடுப்பது மறுநாள்தான். மூன்று வாரத்தில் ஆல்பம் தருவதாகச் சொன்ன வாக்கை, தை மாதத்தில் எட்டு வாரமாக்கினோம். முன்கூட்டியே சொன்னால் யாரும் கோபிப்பதில்லை. ஐந்தாம் படிவம் முடித்த பையன் ஒருவனைச் சம்பளத்துக்கு வைத்தோம். மேடையில் வரிசை நீளும்போது அரைமணிக்கு ஒருவராக மாறிக்கொள்கிறார்கள். பையில் தண்ணீரும் வாழைப்பழமும் அவித்த கடலையும் எப்போதும் இருக்கும்.

கிள்ளான், ஜொகூர் என்று தூரமாகப் போனால் இரவே திரும்பக்கூடாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவர் வண்டி ஓட்டுவது, இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவர் ஓட்டுவதைப் போன்றது என்று ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். விடியுமுன் எழுந்தவனுக்கு, விருந்து முடியும்போது பதினேழு மணி நேரம் தாண்டிவிடுகிறதே!

வருமானம் குறையவில்லையா என்று கேட்பீர்கள். குறைந்தது. சென்ற தையில் 14 ஒன்பதாயிற்று. கட்டணத்தைக் கொஞ்சம் உயர்த்தியும் பள்ளம் முழுவதும் நிரம்பவில்லை. ஆடியிலும் புரட்டாசியிலும் ஆல்பம் கட்டும் வேலையை எடுத்துச் சமாளிக்கிறான். ஆனால் அவன் மகள் பிறந்தநாளன்று அப்பா வீட்டில் இருந்தார்.

இப்போது மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவன் முதலில் தேடுவது பாட்டி தாத்தாக்களைத்தான். அவர்கள் படம் முடிந்த பிறகுதான் மற்றவர் வரிசை.

உங்கள் வீட்டுத் திருமணத்துக்கும் படம் எடுக்க யாராவது வருவார்கள். விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கும் அந்தப் பிள்ளையைப் பந்தி முடியும்வரை காக்க வைக்காதீர்கள். "சாப்பிட்டியா, தம்பி?" என்று கேட்டு, ஓர் இலை போட்டு, பத்து நிமிடம் உட்கார விடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் முகத்தை நாளைக்கு உங்களுக்குக் கொடுக்கப் போகிறவன் அவன்தான்.