புது பிரிண்டரும் ஒரு அட்சதை அரிசியும்

போன மாசம் ஒரு போட்டோ பிரிண்டர் வாங்கினேன். வாங்கின மறுநாளே அதைத் தூக்கி மொட்டை மாடியிலிருந்து கீழே போட்டுடலாமான்னு தோணுச்சு. போடாததுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, விலை கிட்டத்தட்ட 18,000 ரூபாய். ரெண்டாவது, அம்மா பக்கத்துலயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாங்க.

"ஸ்டூடியோல குடுத்தா ஒரு மணி நேரத்துல போட்டுக் குடுத்துடுவாங்க. இதுக்குப் போய் ஒரு மெஷினா?" இது தங்கமணி. நியாயமான கேள்விதான். பதில் சொல்லணும்னா கொஞ்சம் பின்னாடி போகணும்.

2015 டிசம்பர். அப்போ முடிச்சூர்ல தரைத்தளத்துல குடியிருந்தோம். வெள்ளம் வந்தப்போ வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி. கையில கிடைச்சதை எடுத்துக்கிட்டு சித்தப்பா வீட்டுக்கு ஓடிட்டோம். அஞ்சாறு நாள் கழிச்சுத் திரும்பி வந்தா, பீரோவோட அடித்தட்டுல அம்மாவோட ஆல்பம் ஊறிப்போய்க் கிடக்கு. கல்யாண போட்டோ, எங்க காதுகுத்து, பழனி போனது, எல்லாம் அதுலதான். அப்பா 2012-லயே தவறிட்டார். அவர் சிரிச்சபடி இருக்கிற படம் எல்லாமே அந்த ஒரு ஆல்பத்துலதான் இருந்துச்சு.

அப்போ நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணேன். ஆல்பத்தை மூடினபடியே கொண்டு போய் மாடி வெயில்ல வெச்சேன். காய்ஞ்சதும் பிரிச்சுக்கலாம்னு நினைப்பு. அந்தக் காலத்து போட்டோத் தாள் மேல ஜெலட்டின்னு ஒரு படலம் இருக்கும், படமே அதுலதான் இருக்கு. நனைஞ்சா அது ஊறி வழவழன்னு ஆயிடும். காயும்போது எதைத் தொட்டுக்கிட்டு இருக்கோ அதோட பசை போட்ட மாதிரி ஒட்டிக்கும். ஈரமா இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த தண்ணியில அலசி, ஒவ்வொண்ணா பிரிச்சு, படம் மேல பார்க்கிற மாதிரி நிழல்ல பரப்பி வெச்சிருக்கணும். இது எனக்குத் தெரிஞ்சது ரெண்டு மாசம் கழிச்சு. அதுக்குள்ள ஆல்பம் செங்கல்லாயிடுச்சு.

அம்மா ஒரு வார்த்தை கேக்கல. கேட்டு, ரெண்டு திட்டு திட்டியிருந்தா தேவலாம்.

இந்த வருஷம் பெரியம்மா வீட்டைக் காலி பண்ணும்போது ஒரு சிடி கிடைச்சுது. 2008-ல பெரியம்மா பையன் தன் கல்யாணத்துக்காக எல்லார் வீட்டு ஆல்பத்தையும் வாங்கி ஸ்கேன் பண்ணி வெச்சது. எல்லாரும் மறந்தே போன சிடி. அதுல எங்க ஆல்பத்துலேர்ந்து 43 படம்! அண்ணன் உடனே ரெண்டு படத்தை வாட்ஸப்புல அனுப்பினார். "அப்படி அனுப்பாதீங்கண்ணே, அது படத்தைச் சுருக்கிடும், டாகுமெண்டா அனுப்புங்க, இல்ல பென் டிரைவ்ல குடுங்க"ன்னு கெஞ்சினேன். 4x6 அங்குலத்துல ஒரு படம் பளிச்சுன்னு விழணும்னா 1200-க்கு 1800 புள்ளியாவது இருக்கணும். பென் டிரைவ்ல வந்ததுல அது தாராளமா இருந்துச்சு.

தங்கமணியோட கேள்விக்கு இதுதான் பதில். ஸ்டூடியோவுல குடுத்தா நல்லாத்தான் வரும், செலவும் குறைவுதான். ஆனா கெடுத்தவன் நான். அதனால என் கையாலயே திருப்பிக் குடுக்கணும்னு ஒரு வீம்பு.

பிரிண்டர் வந்து இறங்குச்சு. ஆறு கலர் மை டேங்க் உள்ள ரகம். ஆரஞ்சு டேப்பையெல்லாம் உரிச்சு, மையை ஊத்தி, ஆன் பண்ணினா முதல் தடவை மை குழாய் வழியா ஹெட் வரைக்கும் போய்ச் சேர இருபது நிமிஷம் மாதிரி எடுத்துக்குச்சு. அந்த நேரத்துல அம்மா வந்து சந்தனம் குங்குமம் வெச்சு, கற்பூரம் காட்டி, ரெண்டு அட்சதையும் போட்டாங்க. இந்த அட்சதையை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

சாதா ஏ4 தாள்ல டெஸ்ட் பிரிண்ட் அழகா வந்துச்சு. நான் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு 4x6 போட்டோத் தாளை எடுத்தேன். சனியன் அங்கதான் ஆரம்பம்.

முதல் கட்டம்: தாளை இழுக்கவே மாட்டேங்குது. உருளை 'சர்ர்ர்'னு சுத்துது, அப்புறம் 'தாள் இல்லை'ன்னு சொல்லுது. கண்ணு முன்னாடி இருபது தாள் நிக்குது, இல்லையாம்! சாதா தாள் 70, 80 ஜிஎஸ்எம்தான். போட்டோத் தாள் 200-க்கு மேல. கனமும் அதிகம், பளபளப்பு வேற. புதுக் கட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். சீட்டுக் கட்டு மாதிரி விசிறிப் பிரிச்சு, ஓரத்தை மேஜையில தட்டிச் சமமாக்கி, நாலே நாலு தாள் மட்டும் வெச்சேன். பக்கத்துல இருக்கிற பிளாஸ்டிக் தடுப்பை, தாளைத் தொட்டும் தொடாம நிறுத்தினேன். இறுக்கினா தாள் நகராது, தளர்த்தினா கோணும். இழுத்துச்சு!

இழுத்து, பிரிண்டும் ஆகி வெளிய வந்துச்சு. அம்மா ஆசையா கையில எடுத்தாங்க. விரல் பூரா மை. படத்துல இருந்த சித்தி முகம் அம்மா கட்டை விரலோட போயிடுச்சு. நான் 'ஙே'ன்னு முழிச்சேன்.

விஷயம் ஒண்ணுமில்ல, தாளைத் திருப்பி வெச்சுட்டேன். மையைக் குடிக்கிற பூச்சு ஒரு பக்கம்தான் இருக்கும். அடுத்த பக்கத்துல அடிச்சா மை மேலயே குளம் மாதிரி நிக்கும், காயாது. எந்தப் பக்கம்னு சந்தேகமா இருந்தா, லேசா ஈரமான விரலால மூலையைத் தொட்டுப் பாருங்க. ஒட்டுற பக்கம்தான் பூச்சுள்ள பக்கம். பின்பக்கம் செங்குத்தா தாள் வைக்கிற மாடல்கள்ல அந்தப் பக்கம் பெரும்பாலும் நம்மைப் பார்க்கணும். முன்பக்க டிரேயா இருந்தா கீழே பார்க்கணும், ஏன்னா தாள் உள்ளே ஒரு 'யூ டர்ன்' அடிச்சுட்டு வரும். கூடவே கம்ப்யூட்டர்ல தாள் வகை 'பிளெய்ன்'னு இருந்ததை 'கிளாஸி'ன்னு மாத்தினேன். இதை மாத்தலைன்னா எவ்வளவு மை விடணும்னே அதுக்குத் தெரியாது.

ரெண்டாவது கட்டம்: தாள் கோணலா போகுது. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி, படம் சாய்ஞ்சு விழுது. நாலாவது தாள் உள்ளேயே மாட்டிக்கிச்சு. தடுப்பைச் சரி பண்ணேன். உருளையை ஈரத்துணியால துடைச்சேன். ஒண்ணும் நடக்கல. சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டா, ஆள் வர மூணு நாள் ஆகும்னாங்க. அம்மாவுக்கு எழுபதாவது பிறந்தநாள் அந்த ஞாயித்துக்கிழமை. இன்னைக்கு வெள்ளி.

"வாங்கினவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடுப்பா. போட்டோதானே, எனக்கு எல்லாம் மனசுல இருக்கு"ன்னாங்க அம்மா. அந்த 'போட்டோதானே' எனக்கு எங்கயோ குத்துச்சு.

ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் பிளக்கைப் பிடுங்கிட்டு, டார்ச் அடிச்சுப் பார்த்தேன். (தலைகீழா கவிழ்த்து உதறலாம்னு கை துறுதுறுத்துச்சு. மை டேங்க் உள்ளதைக் கவிழ்த்தா வீடே ஹோலி கொண்டாடும்.) தாளோட அடி ஓரம் உட்காருற இடத்துல, வலது மூலையில, மஞ்சளா ஏதோ ஒண்ணு. தங்கமணியோட புருவம் எடுக்கிற இடுக்கியைக் கேக்காம எடுத்து, மெதுவா விட்டு இழுத்தேன்.

ஒரு அட்சதை அரிசி!

ஒரு மூலை அரிசி மேல ஏறி உட்கார, தாள் சாய்ஞ்சே கிளம்பியிருக்கு. ஏ4 தாள் எட்டு அங்குலத்துக்கு மேல அகலம். அந்தச் சாய்வு அதுல கண்ணுக்குத் தெரியல. நாலு அங்குலத் தாள்ல அதே அரிசி ரெண்டு மடங்கு சாய்ச்சுடுச்சு. அரிசியை ஒரு காகிதத்துல மடிச்சு சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். அம்மாகிட்ட இன்னி வரைக்கும் சொல்லல. அவங்க ஆசீர்வாதம்தான் மாட்டிக்கிச்சுன்னு எப்படிச் சொல்றது?

மூணாவது கட்டம் கோடு. படத்துக்குக் குறுக்கே வெள்ளை வெள்ளையா. நாஸில் செக் போட்டேன், நீலத்துலயும் மஞ்சள்லயும் அங்கங்க விட்டு விட்டு வந்துச்சு. ஹெட் கிளீனிங் ரெண்டு தடவை பண்ணேன். கொஞ்சம் தேவலை. மூணாவது தடவை அழுத்தப் போன கையை அடக்கினேன். ஒவ்வொரு கிளீனிங்குக்கும் மை வீணா உறிஞ்சப்பட்டு, உள்ளே இருக்கிற கழிவுப் பஞ்சுக்குத்தான் போகும். புது மெஷின்ல குழாய்க்குள்ள காத்து இருந்தா, திரும்பத் திரும்பக் கழுவுறதை விட அணைச்சுட்டுச் சும்மா விடுறதே மேல். அப்படியே போய்ப் படுத்துட்டேன். காலையில நாஸில் செக் ஒரு கோடு விடாம வந்துச்சு. சும்மா இருக்கிறதும் ஒரு ரிப்பேர் வேலைதான் போல.

அப்புறம் சில்லறைத் தொல்லைகள். படத்தோட ஓரத்துல கறுப்புத் தீற்றல் வந்துச்சு. பிரிச்ச கட்டை நம்ம ஊர் ஈரக் காத்துல அப்படியே விட்டிருந்தேன், தாள் சுருண்டு ஹெட்ல உரசியிருக்கு. எதிர்ப்பக்கமா மெதுவா வளைச்சு நேராக்கினேன். மிச்சத்தைக் காத்துப் புகாத கவர்ல போட்டுப் படுக்க வெச்சேன். பார்டர் இல்லாம அடிச்சா படத்தைக் கொஞ்சம் பெருசாக்கித்தான் அடிக்கும், ஓரத்துல நிக்கிற ஆள் காலி. பழனிப் படத்துல மாமாவுக்குப் பாதித் தலை போச்சு. வெள்ளை பார்டர் வெச்சதும் மாமா முழுசா வந்தார்.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள 42 படம் ஆச்சு. கடைசியா எடுத்தது கல்யாணப் படம். 1976. கறுப்பு வெள்ளை. அடிச்சா, மொத்தப் படமும் லேசா செவப்பா வருது. கறுப்பு வெள்ளைப் படத்தைக் கலர் மையெல்லாம் கலந்து அடிக்கும்போது ஒரு மை கூடிப்போனாலும் இப்படி ஒரு சாயம் வந்துடும். அதோட, படத்தைத் திறந்த மென்பொருளும் கலரைத் திருத்தி, பிரிண்டரும் திருத்தி, ரெண்டு பேரும் சேர்ந்து காரியத்தைக் கெடுத்திருக்காங்க. ஒண்ணை நிறுத்தினேன், கிரேஸ்கேல்னு போட்டேன். ரெண்டாவது பிரிண்ட் அப்பழுக்கில்லாத கறுப்பு வெள்ளை. அப்பா மீசையில ஒவ்வொரு முடியும் தெரியுது.

பெருமையா அதை அம்மாகிட்ட நீட்டினேன். அவங்க பார்வை குப்பைக்குன்னு ஒதுக்கி வெச்ச செவப்புப் படத்து மேல இருந்துச்சு. அதை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டு போனாங்க.

"இதுதாம்பா சரியா வந்திருக்கு. என் கூறைப் புடவை அரக்குக் கலர்."

"அம்மா, அது மிஸ்டேக். அப்பா முகமும் செவப்பா இருக்கு பாருங்க."

"அன்னிக்கு அவர் அப்படித்தான் இருந்தார். நிமிர்ந்தே பார்க்கல"ன்னு சொல்லிட்டுச் சிரிச்சாங்க. முந்தானையால கண்ணையும் துடைச்சுக்கிட்டாங்க.

அதுக்கு மேல நான் என்ன டெக்னிக்கலா பேசுறது? ஆல்பத்தோட முதல் பக்கத்துல செவப்புப் படம்தான் இருக்கு. சரியா வந்த படம் என் மேஜை டிராயர்ல, அந்த அரிசிப் பொட்டலத்தோட.

ஞாயித்துக்கிழமை ஆல்பத்தைப் பிரிச்சுப் பார்த்துட்டு அம்மா முதல் தடவையா அந்தப் பேச்சை எடுத்தாங்க. "அன்னிக்கு மாடியில வெச்சியே, உனக்கென்ன தெரியும் பாவம். நானும்தானே வெயில்ல வைக்கச் சொன்னேன்." அவங்க சொன்னதா எனக்கு ஞாபகமே இல்லை. நிஜமாச் சொன்னாங்களா, இல்ல எனக்காகச் சொன்னாங்களான்னு நான் கேக்கல.

பி.கு: அடிச்ச படத்தை உடனே ஆல்பத்துலயோ கண்ணாடிச் சட்டத்துலயோ போடாதீங்க, ஒரு நாள் முழுக்கக் காய விடுங்க. இந்த மாதிரி மைக்குத் தண்ணி ஆகாது. மலிவான தாளா இருந்தா ஒரு சொட்டு பட்டாலே கலைஞ்சுடும். அதனால 43 படமும் இப்போ பென் டிரைவ்ல ஒண்ணு, தம்பி வீட்டுல ஒண்ணுன்னு ரெண்டு இடத்துல இருக்கு. ஆல்பம்? பீரோவோட மேல் தட்டுல.