முடிவை மட்டும் மாத்திட்டோம்

"படத்த அப்படியே வெச்சிருக்கோம்ணே. முடிவ மட்டும் கொஞ்சம் மாத்திட்டோம்" என்றார் தயாரிப்பாளர். பல ஆண்டுகளுக்கு முன் நான் கதை எழுதிக்கொடுத்த டெலிமூவி. யூடியூப்பில் திரும்பவும் போடப்போகிறார்களாம்.

என் கதையில் ஒரு கிழவர் லயத்து வீட்டு வாசலில் மகனுக்காக உட்கார்ந்திருப்பார். மறுநாள் வீடுகளை இடிக்க வருகிறார்கள். மகன் வரமாட்டான். கிழவர் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்துவார். அந்தக் கதவுக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன். இப்போது ஏஐ புண்ணியத்தில் மகன் காரில் வந்து இறங்குகிறான். கிழவர் சிரிக்கிறார். கிழவராக நடித்தவர் இறந்து மூன்று வருடமாகிறது.

'அம்பிகாபதி' ஞாபகம் வந்தது. 2013இல் வந்த 'ராஞ்சனா' இந்திப் படத்தின் தமிழ் வடிவம். 2025 ஆகஸ்டில், சாக வேண்டிய தனுஷை ஏஐ மூலம் பிழைக்க வைத்துத் திரையிட்டார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராய் எதிர்த்தார். தனுஷும், தான் ஒப்புக்கொண்ட படம் இதுவல்ல என்றார். உரிமை எங்களுடையது என்றது தயாரிப்புத் தரப்பு. அங்கே 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி படத்தின் 'ஆசிரியர்' தயாரிப்பாளர்தான். சிரிக்க வேண்டாம், நம் ஊர் 1987 பதிப்புரிமைச் சட்டமும் படம் எடுக்க ஏற்பாடு செய்தவரைத்தான் ஆசிரியர் என்கிறது.

கதை என்னுடையதாச்சே என்று பழைய ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். 'தேவையான மாற்றங்களைச் செய்துகொள்ள' என்று ஒரு வரி. கீழே என் கையெழுத்து. அன்றைக்குக் காசோலையைப் பார்த்தேனே தவிர அந்த வரியைப் பார்க்கவில்லை. படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கலாம் என்று சட்டத்தின் 25ஆம் பிரிவு இடம் கொடுக்கிறதுதான். ஆனால் அதனால் என் மதிப்புக்குக் கேடு வரும் என்று நான் காட்ட வேண்டும். மகன் வீட்டுக்கு வந்ததில் என் மதிப்பு எப்படிக் கெடும்?

'லால் சலாம்' பாடலுக்காக, மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏஐயில் உருவாக்கியபோது, குடும்பங்களிடம் அனுமதி கேட்டு ஊதியமும் கொடுத்ததாக ஏ.ஆர். ரஹ்மான் சொன்னார். அதை வைத்துத்தான் தயாரிப்பாளரிடம் சண்டைக்குப் போனேன்.

"அவரு வீட்டுல கேட்டீங்களா?"

"அக்காகிட்ட காட்டினோம்ணே. அழுதுட்டாங்க."

நான் நம்பவில்லை. நானே அவருடைய மனைவிக்குப் போன் போட்டேன்.

"அவரு சிரிக்கிறத மறுபடியும் பாத்தேன் தம்பி" என்றார். "ஆஸ்பத்திரில கெடந்தப்பகூட அப்படிச் சிரிக்கல. நீங்கதான் எழுதினீங்களாமே?"

ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சாப்பிட்டீங்களாக்கா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று தயாரிப்பாளருக்கு எழுதிய வாட்சாப் செய்தி இன்னும் போகாமல் கிடக்கிறது.