எங்கள் வீட்டு முகவரி

எங்கள் தெரு புறம்போக்கு. வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. கடிதம் எதுவாயினும் 'மே/பா. மளிகைக் கடை' என்றே வரும். என் உதவித்தொகைக்கான வங்கி அட்டை அந்தக் கடை மேசைக்குள் பத்து நாள் கிடந்தது. கடைக்காரரைக் குறை சொல்லி என்ன பயன்? தெருவுக்கே அவர்தான் முகவரி!

சென்ற ஆண்டு எங்கள் கொட்டிலில் இரண்டு ஆடுகள் களவு போயின. வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்திருந்த நேரம். பழைய செல்போன் ஒன்றைக் கேமராவாக்கிக் கொட்டிலில் கட்டினேன். வீட்டிலிருந்து 192.168.1.5 என்று தட்டினால் ஆடுகள் தெரிந்தன. விடுதிக்கு வந்து தட்டினால் ஒன்றுமில்லை. 192.168 என்பது வீட்டுக்குள் மட்டும் செல்லும் எண். எத்தனையோ வீடுகளில் அதே எண் உண்டு. மோடத்தின் வெளிமுகவரியைப் பார்த்தேன். 100.72 என்று தொடங்கிற்று. அதுவும் பொது எண் அன்று. 100.64 முதல் 100.127 வரை இணைய நிறுவனங்கள் தமக்குள் புழங்க 2012இல் ஒதுக்கப்பட்டவை. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி. நாம் கேட்டது நம்மிடம் வந்து சேரும். தானாகத் தேடி வருபவருக்கு வீடு தெரியாது. அங்கேயும் மே/பா. தான்!

பற்றாக்குறையே காரணம். 1981இல் வரையறுத்த நான்காம் பதிப்பு முகவரிக்கு 32 இரும இலக்கங்கள். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. ஆறாம் பதிப்புக்கு 128 இரும இலக்கங்கள். முகவரிகளின் எண்ணிக்கையை எழுதவே 39 இலக்கம் வேண்டும். (ஐந்து எங்கே என்பீர்கள். ஒரு சோதனை நெறிமுறை அதை முன்பே எடுத்துக்கொண்டது.)

எங்கள் பேராசிரியர் சொல்லித்தான் மோடத்தைத் துழாவினேன். ஆறாம் பதிப்பு அணைந்து கிடந்தது. போட்டதும் கேமராவுக்கே 2 என்று தொடங்கும் நீண்ட முகவரி கிடைத்தது. ஆனாலும் மோடத்தின் காப்புச் சுவர் வெளியாரை விடவில்லை. அதை முழுவதும் திறந்துவிடாதீர்கள், நண்பர்களே. சொந்த முகவரி வந்தால் திருடனும் கதவைத் தட்டலாம். கேமராவுக்கு மட்டும் வழிவிட்டு, கடவுச்சொல்லும் வைத்தேன். பார்க்கும் பக்கத்திலும் ஆறாம் பதிப்பு வேண்டுமே! விடுதி வைஃபையில் இல்லை. என் செல்போன் டேட்டாவில் இருந்தது. முகவரி சில நாள் மாறிவிடும். தங்கை பார்த்துச் சொல்வாள்.

அன்றிரவு பதினொரு மணிக்கு அப்பா பேசினார்.

"ஆடு தெரியுதாடா?"

தெரிந்தன. கொட்டில் வாசலில், கயிற்றுக் கட்டிலில் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்த அவரும் தெரிந்தார்.

"தெரியுதுப்பா. நான் பாத்துக்கறேன், நீங்க உள்ள போய்ப் படுங்க" என்றேன்.