பட்டி நிற்காத இடம்

டிங்கரிங் கடைகளில் எல்லா ஒடுக்குக்கும் ஒரே மருந்து பட்டி. தகரத்தை முக்கால்வாசி தட்டி நிமிர்த்திவிட்டு, மீதிப் பள்ளத்தைப் பட்டி பூசி நிரவி, தேய்த்து, பெயிண்ட் அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. கதவோரம் ஓடும் எவர்சில்வர் பட்டையில் இந்த வித்தை பலிக்காது. பெயிண்டே இல்லாத இடத்தில் எதைப் பூசி எதை மறைப்பது?

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் சித்தப்பா வீட்டு வாசலில் நிற்கும் அம்பாசடரை ஒரு ஆட்டோ உரசிக்கொண்டு போனது. பெயிண்டுக்குப் பெரிய சேதமில்லை, பட்டைதான் ஒடுங்கிப்போயிற்று. உத்தர்பாரா ஆலை 2014-லேயே அம்பாசடர் செய்வதை நிறுத்திவிட்டது. சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் பழைய பட்டை கிடைக்கும்தான். அதுவும் எங்கேயோ இடிபட்ட வண்டியிலிருந்து கழற்றியதாகத்தான் இருக்கும்.

திருச்சியில் இரும்பு வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினே செய்து கொடுத்தது பொன்மலைப் பணிமனை. திருவெறும்பூர் பக்கம் பெல். பாலக்கரையில் நாங்கள் பிடித்த பாய் முதலில் பட்டையின் ஓரத்தைக் கொஞ்சம் அரத்தால் சுரண்டிப் பார்த்தார். குரோமியம் முலாம் பூசியதாக இருந்தால் தட்டவே முடியாது. மேலே இருக்கும் குரோமியம் ஒரு மைக்ரான்கூட வராது. தட்டினால் முலாம் வெடித்து உரியும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் செம்பு, நிக்கல், குரோமியம் என்று மறுபடி ஏற்ற வேண்டும். எவர்சில்வர் உள்ளும் புறமும் ஒன்றே. “இது நம்ம கையில வரும் சார்” என்றார்.

பட்டையைக் கவிழ்த்து, வழவழப்பான இரும்புக் கட்டைமேல் வைத்து, முனை மழுங்கிய உளியால் பின்பக்கத்திலிருந்து தட்டினார். பள்ளத்தின் நடுவில் முதலில் கை வைக்கவே இல்லை. விளிம்பிலிருந்து ஆரம்பித்துச் சுற்றிச்சுற்றி உள்ளே வந்தார். மருதாணி வைக்கிற பொறுமை. “ஒரே அடியில எடுத்துடலாம். அப்புறம் இந்தப் பக்கம் முட்டிக்கிட்டு நிக்கும்.” தட்டத் தட்ட எவர்சில்வர் இறுகும் என்பதால் அடிகளையும் எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். சுவாமி கவசம் செய்கிறவர்கள் அரக்குமேல் தகட்டை வைத்துத் தட்டுவார்கள். அரக்கு விட்டுக்கொடுத்தால்தான் உருவம் புடைத்து எழும். இங்கே விட்டுக்கொடுக்காத அடித்தளம் வேண்டும்.

பிறகு பட்டையைத் திருப்பி, அரத்தை லேசாக ஓட்டினார். மேடு இருந்த இடத்தில் அரம் கடித்தது. பள்ளம் தொடாமல் மங்கலாகவே நின்றது. அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி உளி. கடைசியில் சொரசொரப்பான தாளில் தொடங்கி நைசான தாள்வரை தேய்த்து, பஃபிங். துணிச்சக்கரத்தில் ஒரே இடத்தில் பிடித்தால் சூடேறி நெளிந்துவிடும். கை நகர்ந்துகொண்டே இருந்தது.

டியூப்லைட்டைப் பட்டையில் விழவிட்டுப் பார்த்தால் பின்கதவருகே கோடு கொஞ்சம் அசைகிறது. இன்னும் இழைத்தால் தகடு மெலிந்து பொத்துவிடும் என்று பாய் நிறுத்திக்கொண்டார். நிறுத்தத் தெரிந்ததுதான் எனக்குப் பிடித்தது. “முழுக் காசு வாங்கிண்டு அரைகுறையா விடறதாடா?” என்று சித்தப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மாட்டும்போதுதான் இன்னொன்று தெரிந்தது. கிளிப் ஓட்டைகளைச் சுற்றித் துரு. வருஷக்கணக்காகப் பட்டைக்குப் பின்னால் தண்ணீர் தங்கியிருக்கிறது. சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்தோம். பழைய கிளிப்புகள் கையோடு உடைந்து வந்தன; பட்டைக்குச் செலவானதைவிடக் கிளிப்புக்கு அலைந்ததுதான் அதிகம்.