நல்லாத்தானே இருக்கேன் என்று நிறுத்தினேன்

‘தினமும் தோட்டத்தில் உழைக்கிறவர்களுக்குத் தனியாக உடற்பயிற்சி எதற்கு?’ என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். இதையே கேட்டுத் திரிந்தவன் நான். மருந்து, மாத்திரையெல்லாம் சிப்காட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு என்று வேறு பேசுவேன்.

ஓசூர் பக்கம் ரோஜாவும் தக்காளியும் போடுகிறோம். எனக்கு வயது 66. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அதில் எங்கள் ஊருக்கு வரும் தன்னார்வலர் பெண் திண்ணையிலேயே பிரஷர் பார்த்தார். 170/100. “அய்யா, தலைவலி, கிறுகிறுப்பு ஏதாவது இருக்குதா?” என்றார். ஒன்றுமே இல்லை. மெஷின்தான் கோளாறு என்றேன்.

மாத்திரை சாப்பிட்டதில் இரண்டு மாதத்தில் 130/80-க்கு வந்தது. சரியாகிவிட்டதே என்று நிறுத்திவிட்டேன். வீட்டில்கூடச் சொல்லவில்லை. அந்தப் பெண் கொடுத்த அட்டைகள் அலமாரியில் சேர்ந்துகொண்டே இருந்தன.

போன கார்த்திகையில் பூ பறிக்கும்போது வலது கை மரத்துக் கூடை நழுவியது. மனைவியைக் கூப்பிட வாயெடுத்தால் நாக்குக் குழறியது. அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. நான் மறுபடி பூ பறிக்கப் போனேன். அவள் விடாமல் 108-ஐக் கூப்பிட்டாள். பக்கவாதத்துக்கு முன்னால் வரும் எச்சரிக்கை இது என்றார் டாக்டர். “130 வந்தது மாத்திரையால். நோய் போனதால் இல்லை.”

வாய் கோணினாலும், ஒரு கை தொய்ந்தாலும், பேச்சுக் குழறினாலும் தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

வாசகர் கேட்டதற்கு வருகிறேன். பிசியோதெரபிஸ்ட் என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழச் சொன்னார். தக்காளிப் பெட்டி தூக்குகிறவனுக்கு ஐந்து முறைக்கு மேல் முடியவில்லை! தோட்ட வேலையில் குனிகிறோம், சுமக்கிறோம். தொடை பலமும் நிதானமும் குறைவது தெரிவதில்லை. விழுந்து இடுப்பு எலும்பு உடையும் நாளில்தான் தெரியும். 65-க்கு மேல் வாரம் 3 நாளாவது இதற்கென்றே பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இப்போது பத்து முறை எழுகிறேன். தொட்டிச் சுவரைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்கிறேன். பேத்தி கொக்கு என்கிறாள்.

ராகிக் களி இரண்டு உருண்டை, ஒன்றாகிவிட்டது. ராகியும் மாவுச்சத்துதானே. ஊறுகாயை விடுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

மாத்திரை அட்டையைப் பால் சொசைட்டி அட்டையோடு சேர்த்து ஆணியில் மாட்டியிருக்கிறாள் மனைவி. பாலூற்றப் போகும்போது இரண்டையும் அவளே எடுத்து நீட்டுகிறாள்.