பெயர் 90, கணக்குப் பார்த்தால் 85.8

யாழ்ப்பாணத்தில் பழைய ஹொண்டா சீடி 90ஐ எல்லாரும் "நைன்ரி" என்றுதான் சொல்லுவினம். ஆனால் அதின்ர சிலிண்டர் விட்டம் 47 மி.மீ., பிஸ்ரன் மேலயும் கீழயும் போய்வாற தூரம் 49.5 மி.மீ. சாதாரண தரத்தில் படித்த உருளையின் கனவளவுதான். 4.7ஐ 4.7ஆல் பெருக்கி, 0.785ஆல் பெருக்கி, 4.95ஆல் பெருக்கினால் 85.8 சீசீ. இதற்கு முந்திய ஹொண்டா 90களில் 50க்கு 45.6 என்று வேறொரு அளவு இருந்தது. அதைப் பெருக்கிப் பாருங்கோ, 89.5 வரும். பெயர் அங்கயிருந்துதான் ஒட்டிக்கொண்டு வந்திருக்கு.

இந்தக் கணக்கெல்லாம் ஆருக்கு வேணும் என்று கேட்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிப்பாட்டின பிறகு 2025 பெப்ரவரி வரைக்கும் புதுச் சைக்கிள் வரவில்லை. ஐஞ்சு வருசம். 2022இல் கியூஆரில் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல் வாங்கி ஓடினதை ஒருத்தரும் மறந்திருக்கமாட்டியள். அந்தக் காலத்தில் இருக்கிற என்ஜினைத் திரும்பத் திரும்பக் கட்டித்தான் ஆகவேண்டியிருந்தது. அதுக்கும் முதல், 1990களின் தடைக் காலத்தில் எங்கட அப்பாமார் இதே சைக்கிள்களை நாலு துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினவை. எரியாமல் மிஞ்சுகிற மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், சிலிண்டர் தேயும். ஆகவே போர் பண்ணுறது எங்கட ஊருக்குப் புதிசில்லை. அளந்து பார்த்துப் போர் பண்ணுறதுதான் குறைவு.

எங்கட கூட்டாளி ஒருத்தன்ர அப்பா பாசையூரில் மீன் வாங்கி உரும்பிராய்ப் பக்கம் கொண்டுபோய் விக்கிறவர். அவற்ற நைன்ரி நீலப் புகை தள்ளத் தொடங்கி, ஒயில் குறைஞ்சுகொண்டே போனது. ஒரு கராஜில் கழட்டிப் பார்த்துவிட்டு, "0.75 போடவேணும், பிஸ்ரன் கையில இருக்கு, நாளைக்கே தரலாம்" என்று சொல்லியிருக்கினம். இங்கதான் எங்களுக்குச் சந்தேகம் வந்தது. அந்தச் சிலிண்டர் ஒருக்காலும் போர் பண்ணாதது. பிஸ்ரன் தலையில் ஓவர்சைஸ் இலக்கம் ஒன்றும் இல்லை.

கடையில் வாற ஓவர்சைஸ் பிஸ்ரன்கள் 0.25, 0.50, 0.75, 1.00. அதாவது ஒரு சிலிண்டருக்கு நாலு உயிர். நேரா 0.75க்குப் போனால் இரண்டு உயிரை ஒரே நாளில் குப்பையில் போடுகிறோம். வெட்டின இரும்பை ஒருத்தராலும் திரும்ப ஒட்டேலாது. (நாலையும் முடிச்சு 48 மி.மீ.க்கு வந்தால் கனவளவு 89.5 சீசீ. சாகப் போற நேரத்தில்தான் அது உண்மையான 90 ஆகும்.)

சிலிண்டருக்குள் அளக்கிற போர் கேஜ் எங்களிட்ட இல்லை. வேணியர் இருந்தது, ஆனால் அதின்ர இழிவெண்ணிக்கை 0.05 மி.மீ. நாங்கள் தேடுறது அதிலும் சின்ன வித்தியாசங்கள். அதனால பழைய ரிங்கையே அளவுகோலாக்கினோம். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைச்சு, பிஸ்ரன் தலையால் தள்ளினால் சரிவில்லாமல் நேராக இருக்கும். பிறகு ரிங்கின்ர இரண்டு நுனிக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்க்கவேணும். ரிங் ஒருக்காலும் போகாத அடிப்பகுதியில் 0.25 மி.மீ. வந்தது. மேலே, தேய்மானம் கூடின விளிம்புக்குச் சற்றுக் கீழே 0.60.

வித்தியாசம் 0.35. வட்டத்தின்ர சுற்றளவு விட்டத்தைப் போல 3.14 மடங்கு என்பதால் 0.35ஐ 3.14ஆல் பிரிச்சால் விட்டம் எவ்வளவு கூடியிருக்கு என்று வரும். 0.11 மி.மீ. ரிங்கும் தேஞ்சுதானே இருக்கும் என்று ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் மேலேயும் கீழேயும் அதே ரிங்தான், அதன்ர தேய்மானம் இரண்டு அளவிலும் இருக்கிறதால கழிக்கும்போது போயிடும்.

இனி 0.25 காணுமா? சிலிண்டர் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித் தேயாது. பிஸ்ரன் சாஞ்சு அழுத்துற பக்கம் கூடத் தேயும். மோசமான நிலையை எடுப்போம்: 0.11 முழுக்க ஒரே பக்கத்தில் என்று வைப்போம். 0.25 போர் பண்ணும்போது நடுவிலிருந்து ஒவ்வொரு பக்கமும் 0.125 வெட்டுப்படும். 0.11ஐ விடக் கூட. தப்பிவிடும், ஆனால் மட்டுமட்டாகத்தான். ஆழமான கீறல் இருந்தால் இந்தக் கணக்குச் சரிவராது. நகத்தால் தடவிப் பார்த்தோம், எங்கேயும் மாட்டவில்லை.

அப்பாவுக்கு இதைச் சொன்னபோது அவர் கணக்கைப் பார்க்கவில்லை. "எத்தினை நாள் பிந்தும்?" என்றுதான் கேட்டவர். 0.25 பிஸ்ரன் எடுப்பிக்க மூண்டு நாள். மூண்டு நாள் மீன் விக்காமல் இருக்கிறது என்ன என்று அவருக்குத்தான் தெரியும். எங்கட தாளில் அதுக்கு நிரல் இல்லை. கொஞ்ச நேரம் சிலிண்டரைக் கையில வைச்சு உருட்டிப் பாத்திட்டு, "சரி, எடுப்பியுங்கோ" என்றார்.

பிஸ்ரனில் 0.25 என்று அடிச்சிருந்தால் அது 47.25 இருக்கும் என்று நினைக்கக்கூடாது. அது போற சிலிண்டரின்ர பெயர்தான், பிஸ்ரன் அதைவிடக் கொஞ்சம் சின்னனாகத்தான் செய்திருப்பினம். அளக்கிறதுக்குத் திருகுக் கணிச்சி வேணும். உயர்தரப் பௌதிகவியல் செய்முறையில் பிடிச்சதேதான், ஆனால் பள்ளிக்கூடத்துக் கணிச்சி 25 மி.மீ. வரைதான் திறக்கும். எங்களுக்கு 25–50 வேணும். அதோட 25 மி.மீ. கோல் ஒன்று தருவினம், அதை வைச்சுத்தான் பூச்சிய வழு பார்க்கிறது. பிஸ்ரனின்ர பாவாடைப் பகுதியில், பின் போற திசைக்குச் செங்குத்தாக அளந்தோம். 47.22. அதோட 0.03 இடைவெளி சேர்த்து 47.25 என்று துண்டில் எழுதி, பிஸ்ரனோட சேர்த்து லேத்துக்காரரிட்ட குடுத்தோம். அலுமினியம் சூட்டில் இரும்பைவிட இரண்டு மடங்கு விரியும். இந்த 0.03 இல்லாட்டி ஏற்றத்தில் பிஸ்ரன் இறுகி நிண்டுவிடும். கூடிப்போனால் புதிசாகவே தட்டத் தொடங்கும்.

லேத் அண்ணை துண்டைப் பார்த்துச் சிரிச்சார். பிறகு தன்ர போர் கேஜை எடுத்து அளந்துவிட்டு, "0.25இல கிளீன் ஆகும்" என்றார். அவருக்கு எங்கட துண்டு தேவைப்படவேயில்லை, அது வேற கதை. இப்படி அளக்கிற ஆக்களும் ஊரில் இருக்கினம் என்பதைச் சொல்லத்தான் வேணும்.

பூட்டும்போது இன்னொரு கணக்கு. தலையின்ர நட்டுகளை எவ்வளவு இறுக்கிறது? ரோர்க் ஸ்பனர் வாங்கக் காசு காணாது. விற்றராசு இருந்தது, மீன்காரர் வீட்டில் தராசுக்கு என்ன பஞ்சம். முறுக்கம் என்பது விசையைத் தூரத்தால் பெருக்கிறது. கைநூலில் 10 நியூற்றன் மீற்றர் என்று போட்டிருந்தால், நட்டின் நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளி ஸ்பனரில் கொளுவி, செங்குத்தாக 50 நியூற்றன் இழுக்கவேணும். தராசில் கிட்டத்தட்ட 5 கிலோ. உங்கட என்ஜினுக்குரிய இலக்கத்தைக் கைநூலில்தான் எடுக்கவேணும், எங்களிட்டக் கேளாதேங்கோ. மூலைக்கு மூலை மாறி, மூண்டு தவணையில் இறுக்கினோம். ரப்பட் இடைவெளி 0.05 மி.மீ., என்ஜின் ஆறினபிறகு.

முதல் 500 கிலோமீற்றருக்கு விரட்டாமல் ஓடச் சொல்லி ஒயில் மாத்தினோம். புகை இல்லை. இப்ப அது 86.8 சீசீ, பின்னால மீன்பெட்டியோட.

திருகுக் கணிச்சியும் ஃபீலர் கேஜும் எங்களிட்டத்தான் கிடக்கு. ஆருக்கும் என்ஜின் இறக்கிற எண்ணம் இருந்தால், வெட்டக் குடுக்கமுதல் சிலிண்டரையும் பழைய ரிங்கையும் கொண்டு வாங்கோ. வெயிலில் கட்டிக்கொண்டு வந்தால் ஆறும்வரைக்கும் இருந்து தேத்தண்ணி குடிக்கவேண்டி வரும், சூட்டோட அளக்கேலாது.