கூச்சல் போட்டவர்கள் விரல் உயர்த்திய கதை!

2020 ஆகஸ்ட் 28, வெள்ளிக்கிழமை இரவு. டபிள்யூ.டபிள்யூ.இ.யின் 'ஸ்மாக்டவுன்' நிகழ்ச்சி முடியப்போகிற நேரம். ரோமன் ரெய்ன்ஸ் தன் அறையில் உட்கார்ந்து, இரண்டு நாள் கழித்து நடக்கவிருந்த சாம்பியன்ஷிப் போட்டியைப் பற்றி அலட்டிக்கொள்ளாமல் பேசிக்கொண்டிருந்தார். கேமரா மெல்ல நகர்ந்தது. பக்கத்தில் கோட்டு சூட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பால் ஹேமன்!

அடி இல்லை, உதை இல்லை. ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஒரு காட்சியில் ரெஸ்லிங் ரசிகர்கள் வாயடைத்துப் போனார்கள்.

காரணம் இருக்கிறது. ஹேமன் அதுவரை ப்ராக் லெஸ்னரின் ஆள். லெஸ்னர் அதிகம் பேச மாட்டார். அவருக்கும் சேர்த்து ஹேமன் பேசுவார். நம்மூர் தெருக்கூத்தில் ராஜா வருவதற்கு முன்பே கட்டியக்காரன் வந்து பெருமை பாடுவானே, அதே வேலை. அந்த லெஸ்னர், ரெய்ன்ஸின் பல வருடப் பகையாளி. எதிராளியின் கட்டியக்காரனே இப்போது ரெய்ன்ஸ் பக்கத்தில். அப்படியென்றால் 'நல்லவர்' ரெய்ன்ஸ் இனி நல்லவர் இல்லை. அதைச் சொல்ல ஒரு வசனம்கூடத் தேவைப்படவில்லை.

இந்தக் காட்சிக்காக ரசிகர்கள் ஏறக்குறைய ஆறு வருடம் காத்திருந்தார்கள். அந்த ஆறு வருடக் கதை கொஞ்சம் கசப்பானது.

'ரெஸ்லிங் எல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்த நாடகம்தானே' என்று வீட்டுக்கு வீடு ஒருவர் சொல்வார். உண்மைதான். யார் ஜெயிப்பார் என்பது முதலிலேயே முடிவாகியிருக்கும். ஆனால், அந்த அரங்கத்தில் ஒரே ஒரு தரப்புக்கு மட்டும் யாரும் வசனம் எழுதித் தர முடியாது. டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் கூட்டம்! அது எப்போது கைதட்டும், எப்போது கூச்சல் போடும் என்பது எழுதுகிறவர் கையில் இல்லை.

2014 ஜனவரி, பிட்ஸ்பர்க். முப்பது பேர் மோதும் 'ராயல் ரம்பிள்' போட்டி. கடைசியில் மிஞ்சியவர்கள் பாடிஸ்டாவும் ரெய்ன்ஸும். ரெய்ன்ஸ் அப்போது செத் ராலின்ஸ், டீன் ஆம்ப்ரோஸோடு 'தி ஷீல்ட்' என்ற மூவர் கூட்டணியில் இருந்தவர். அந்தக் கூட்டணி வில்லன் கூட்டணி. ஆனாலும் கூட்டம் அவர் பக்கம் நின்றது. ஜெயித்தது பாடிஸ்டா. அரங்கமே அவரைக் கூச்சலிட்டு அனுப்பியது.

சரியாக ஒரு வருடம். 2015 ஜனவரி, ஃபிலடெல்ஃபியா. அதே போட்டி. இந்த முறை ஜெயித்தது ரெய்ன்ஸ். ஆனால், கூச்சல் இப்போது அவருக்கு! கூட்டம் ஆசை ஆசையாக எதிர்பார்த்த டேனியல் பிரையன் பாதியிலேயே வெளியேற்றப்பட்டிருந்தார். ரெய்ன்ஸின் கையைப் பிடித்துத் தூக்க, அவருடைய சொந்தக்காரரும் ஹாலிவுட் நட்சத்திரமுமான 'தி ராக்' நேரில் வந்தார். அப்போதும் கூச்சல் நிற்கவில்லை. ராக் சுற்றிலும் பார்த்தார். அவர் முகத்திலேயே குழப்பம் தெரிந்தது.

ஒரு வருடத்தில் அந்த மனிதர் என்ன தப்பு செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான். முதல் வருடம் அவரைக் கூட்டம் தானாகத் தேர்ந்தெடுத்தது. அடுத்த வருடம் 'இவர்தான் உங்கள் ஹீரோ' என்று கம்பெனி கொண்டுவந்து நிறுத்தியது. ஜான் சீனாவுக்கு அடுத்த நாயகன் என்று மேலிடம் முடிவு செய்துவிட்டதாகக் கூட்டம் நம்பியது. அவர் வாயில் ஒட்டாத வசனங்கள், பொருந்தாத சிரிப்பு, வரிசையாக வெற்றிகள். ஊட்டிவிட ஊட்டிவிட, கூட்டம் துப்பியது.

2017-ல் அது உச்சத்துக்குப் போனது. ஏப்ரல் 2 அன்று ஆர்லாண்டோவில் நடந்த ரெஸில்மேனியாவில் அண்டர்டேக்கரை ரெய்ன்ஸ் தோற்கடித்தார். அண்டர்டேக்கர் என்றால் நம்மூர் 90ஸ் கிட்ஸுக்குக்கூட விளக்கம் தேவையில்லை. டிரம்ப் கார்டு சீட்டுக்கட்டில் அவர் படத்தைப் பத்திரப்படுத்தாத பையன்கள் குறைவு. மறுநாள் இரவு ரெய்ன்ஸ் மைக்கோடு ரிங்கின் நடுவில் நின்றார். பேச விடவில்லை கூட்டம். நிமிடக்கணக்கில் வசவும் கூச்சலும் தொடர்ந்தன. அவர் நின்றுகொண்டே இருந்தார். கடைசியில், 'இனி இது என் இடம்' என்ற பொருளில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

2018 அக்டோபர் 22. கையில் சாம்பியன் பெல்ட்டோடு ரிங்குக்கு வந்தார். சண்டைக்கான உடை இல்லை. தன் உண்மைப் பெயர் ஜோ என்றார். 11 வருடங்களாகத் தனக்கு லுக்கேமியா, அதாவது ரத்தப் புற்றுநோய் இருக்கிறது என்றார். 22 வயதில் முதலில் வந்தது, கட்டுப்பட்டு இருந்தது, இப்போது திரும்ப வந்துவிட்டது. பெல்ட்டை ரிங்கிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

கூச்சல் போட வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். அரங்கம் நிசப்தமானது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது.

அன்று இரவு எத்தனையோ ரசிகர்களுக்குத் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கும். இத்தனை வருடம் நாம் கத்தியது அந்தக் கதாபாத்திரத்தைப் பார்த்துத்தான். ஆனால், அதைக் காதில் வாங்கிக்கொண்டு நின்றது ஒரு நிஜ மனிதன். அவன் உடம்புக்குள் இப்படி ஒரு பயம் இருந்தது நமக்குத் தெரியாதே!

2019 பிப்ரவரி 25-ல் அவர் திரும்பி வந்தார். நோய் கட்டுக்குள் வந்துவிட்டது என்று அறிவித்தார். கூட்டம் கொண்டாடியது. ஆனால், அந்தக் கைதட்டல் மனிதருக்கு. கதாபாத்திரம் அதே பழைய ஹீரோதான். நோயிலிருந்து மீண்ட மனிதரிடம் 'உன் வேஷம் பிடிக்கவில்லை' என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்? கோபம் போய்விட்டது. ஆனால், ஆர்வம் வந்துவிடவில்லை.

பிறகு கொரோனா வந்தது. 2020 ரெஸில்மேனியாவிலிருந்து ரெய்ன்ஸ் விலகிக்கொண்டார். மாதக்கணக்கில் ஆளே காணோம். ஆகஸ்ட் 23-ல் 'சம்மர்ஸ்லாம்' முடிகிற நேரத்தில் திடீரென வந்து, ரிங்கில் இருந்த இரண்டு பேரையும் அடித்துப் போட்டார். ஐந்தாம் நாள்தான் கேமரா நகர்ந்து ஹேமனைக் காட்டியது. அடுத்த இரண்டாம் நாள், பாதி முடிந்துவிட்ட போட்டிக்கு நிதானமாக நடந்து வந்து, வாசலிலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, களைத்துக் கிடந்தவரைச் சாய்த்து பெல்ட்டை எடுத்துக்கொண்டார். பழைய ரெய்ன்ஸ் அப்படி ஜெயிக்கவே மாட்டார்!

இதில் விசித்திரம் என்னவென்றால், இந்த மாற்றம் நடந்தபோது அரங்கத்தில் ஒரு ரசிகர்கூட இல்லை. ரிங்கைச் சுற்றிலும் எல்.இ.டி. திரைகள். அவற்றில் வீட்டிலிருந்தபடி பார்த்தவர்களின் முகங்கள். எந்தக் கூட்டம் அவரை ஆறு வருடம் படுத்தி எடுத்ததோ, அது இல்லாத நேரத்தில்தான் அவர் தன் குரலைக் கண்டுபிடித்தார்.

மாறியது என்ன? பாய்ந்து வந்தவர், இப்போது மெதுவாக நடந்தார். கத்தியவர், முணுமுணுத்தார். கையிலெடுத்தது குடும்பக் கதை. அவர் சமோவா வம்சாவளி. அப்பா சிக்காவும் பெரியப்பா அஃபாவும் அந்தக் காலத்து ரெஸ்லர்கள். 'நான்தான் குலத்தலைவன், என்னை ஒப்புக்கொள்' என்பது புது வசனம். அதை முதலில் சொன்னது சொந்தப் பங்காளி ஜே ஊசோவிடம். அக்டோபரில் நடந்த போட்டியில் ஜே எவ்வளவு அடிபட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. தடுக்க வந்த ஜேயின் உடன்பிறப்பு ஜிம்மியின் கழுத்தை ரெய்ன்ஸ் இறுக்கினார். அவனுக்காக ஜே தோல்வியை ஒப்புக்கொண்டான். முடிவில் சிக்காவும் அஃபாவும் வந்து, தாழை இனத்துக் காய்களால் கோத்த சிவப்பு மாலையை ரெய்ன்ஸின் கழுத்தில் போட்டார்கள். பங்காளிச் சண்டை பார்த்த எந்தக் குடும்பத்துக்கும் அந்தக் காட்சி புரியும்.

இதில் ஹேமனின் வேலை என்ன? லெஸ்னருக்கு அவர் வக்கீல். ரெய்ன்ஸுக்கு 'சிறப்பு ஆலோசகர்'. பெயர் மாறியதோடு ஆளும் மாறினார். முன்போல முழங்கவில்லை. அரை அடி பின்னால், பெல்ட்டைச் சுமந்தபடி நின்றார். ரெய்ன்ஸ் திரும்பினால் பதறினார், சிரித்தால் பெருமூச்சு விட்டார். ராஜாவைப் பார்த்துச் சபைக்குப் பயம் வர வேண்டுமானால், பக்கத்தில் நிற்கும் மந்திரி முதலில் பயப்பட வேண்டும். பேச்சுக்குப் பேர்போனவர் பேச்சைக் குறைத்து ரெய்ன்ஸைப் பேச வைத்தார்.

2021 ஜூலை 16, ஹூஸ்டன். கூட்டம் மீண்டும் அரங்கத்துக்கு வந்தது. ரெய்ன்ஸ் நுழைந்தபோது எழுந்த ஆரவாரத்தில் பழைய வெறுப்பு இல்லை. போகப் போக, 'என்னை ஒப்புக்கொள்' என்று அவர் சொன்னால், ஆயிரக்கணக்கானவர்கள் ஒற்றை விரலை உயர்த்தினார்கள். கூச்சல் போட்டபோதும் ஆசையோடு போட்டார்கள். வில்லனுக்கு அதுதானே மரியாதை!

பெல்ட் அவரிடம் 1,316 நாள் இருந்தது. 2024 ஏப்ரல் 7-ல் கோடி ரோட்ஸிடம் அதை இழந்தார். ஊர்? அதே ஃபிலடெல்ஃபியா! ஒன்பது வருடத்துக்கு முன் ஜெயித்ததற்காகக் கூச்சலிட்ட ஊரில் அவர் தோற்றார். நான்கு மாதம் கழித்து, கிளீவ்லாந்தில் எதிர்பாராமல் திரும்பி வந்தபோது அரங்கம் அதிர்ந்தது. இப்போது அவர் ஹீரோ. இந்த முறை அந்தப் பட்டத்தைக் கொடுத்தது கூட்டம்.

கட்டியக்காரர் என்ன ஆனார்? 2025 ரெஸில்மேனியாவில் ரெய்ன்ஸின் முதுகில் குத்திவிட்டு, செத் ராலின்ஸ் பக்கம் போய்விட்டார். அதுவும் எழுதி வைத்த கதைதான்.

ஆனால், ஆறு வருடக் கூச்சலையும் உயர்ந்த விரல்களையும் யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. 'இவனை நேசியுங்கள்' என்று எத்தனை முறை சொன்னாலும் யாருக்கும் நேசம் வராது. அப்படிச் சொல்வதை நிறுத்திய பிறகுதான் ரெய்ன்ஸுக்கு அது கிடைத்தது.